நத்தார் விடுமுறையில் கவாய்த் தீவு

“நத்தாருக்கு எங்கே போகிறீர்கள்?” என்று வேலைத்தலத்தில் கேட்கும்போது, எம்மவரிற் பலர் ஏதேனும் சொல்லிச் சமாளித்துவிடுவதுண்டு. எமக்கு நத்தார் என்பது மேலதிக ஊதியம் கிடைக்கும் நாள். பிறர் விடுப்பு எடுக்கும்போது அவர்களது முறையையும் சேர்த்துச் செய்தே இக்கட்டுரையாளர் விரிகுடாப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டார். ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் முதலில், மற்றவை பின்னர். 2023ஆம் ஆண்டு மார்கழியில்தான், துணைவியாரின் வற்புறுத்தலால், நாம் இருவரும் முதன்முறையாக ஒரு விடுமுறைப் பயணம் மேற்கொண்டோம்.

அவர் தெரிவுசெய்த இடம் ஹவாயின் கவாய்த் தீவு. இத்தெரிவில் ஒரு வசதியும் உண்டு. அடைக்கல விண்ணப்பம் முடிவாகாத ஒருவர் முன்அனுமதி பெறாது அமெரிக்காவை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே அது கொள்ளப்படும். இதனாலேயே எத்தனையோ குடும்பங்கள் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகமுடியாது தவித்திருக்கின்றன. ஹவாயோ 1959இல் 50ஆவது மாநிலமாகிவிட்டது. கடல் கடந்தாலும் அது உள்நாட்டுப் பயணம். அவ்வாறு உள்நாடாகிய கதை வேறு. 1893இல் தம் அரசியை இழந்த மக்களின் நிலம் அது. அந்தக் கதையை நாம் பிறர் சொல்லித்தான் விளங்கிக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

விமானம் ஐந்தரை மணிநேரத்தில் லிகூவே நகரில் இறங்கியது. வெளியே வந்ததும் துணைவியார் நின்றுவிட்டார். ஈரமண் மணம், தென்னை, வாழை, வீதியோரம் கிளறித் திரியும் கோழிகள். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களின் வழிவந்தோர் வீட்டு வேலிகளில் முருங்கை நின்றது. அவர்களும் அதன் இலையைச் சமைத்து உண்பவர்களே. தோட்டங்கள் இன்று இல்லை. கடைசிச் சீனி ஆலையும் 2009இல் மூடப்பட்டுவிட்டது. உள்ளூர் மக்கள் “மெலே கலிகிமாகா” என்று வாழ்த்தினர். அவர்கள் மொழியில் ரகரமும் சகரமும் இல்லாமையால் ஆங்கில நத்தார் வாழ்த்து இவ்வாறு உருமாறிற்று. போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்ற சொல்லை ‘நத்தார்’ ஆக்கிக்கொண்ட நாம் இதற்குச் சிரிக்கலாகாது!

ஆனால் கடற்கரைக்காக நாம் அங்கு செல்லவில்லை. கலிபோர்ணியாவின் ஓக்லாந்தில் 1927இல் பிறந்து, சான்பிரான்சிஸ்கோவில் நடனக் கலைஞராக விளங்கிய ஓர் இளைஞர், 1947இல் கப்பலேறி இலங்கை சென்றார். 1949இல் கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகளைச் சந்தித்து, அவரிடம் தீட்சை பெற்று, சுப்பிரமுனியர் என்ற நாமத்துடன் அமெரிக்கா திரும்பினார். 1957இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு முருகன் கோயிலை அமைத்தார். 1970இல் கவாயில் ஆதீனத்தை நிறுவினார். 2001இல் அவர் சமாதியடைந்தார். புறப்படும் முன் அவர் அளவெட்டியில் ஓர் ஆச்சிரமத்தையும் ஏற்படுத்தியிருந்தார்.

துணைவியார் அளவெட்டியைச் சேர்ந்தவர். பாடசாலைக்குச் செல்லும்போது அந்த ஆச்சிரம வாசலைக் கடந்து போனவர். 1995 ஐப்பசி 30இல் வலிகாமமே பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த ஆண்டின் திருவெம்பாவைக் காலம் தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் கழிந்தது. சங்கும் சேமக்கலமும் கேட்காத முதல் மார்கழி அதுதான் என்று அடிக்கடி கூறுவார். அதன்பின் அவர் அளவெட்டிக்குத் திரும்பவில்லை.

வைலுவா ஆற்றங்கரையில் உள்ள அந்த ஆதீனத்தில் காலைப் பூசைக்கு நாம் சென்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. உலகிலேயே மிகுந்த மழை பெறும் சிகரங்களுள் ஒன்றான வையாலியாலே அண்மையில்தான் இருக்கிறது. காவியுடுத்த அமெரிக்கத் துறவி ஒருவர் நடராசப் பெருமானுக்குத் தீபம் காட்டினார். பின்னர் யோகர் சுவாமிகளின் படத்தின் முன் துணைவியார் நெடுநேரம் நின்றார். அழவில்லை. “எங்கட ஊரிலிருந்து புறப்பட்டதெல்லாம் அழிஞ்சு போகேல்ல, என்ன?” என்றார். நான் பதில் கூறவில்லை.

2023 பங்குனியில் குடமுழுக்குக் கண்ட இறைவன் கோயிலையும் கண்டோம். கணபதி ஸ்தபதியாரின் வடிவமைப்பு. பெங்களூருக்கு அருகில் சிற்பிகள் 1990 முதல் உளியால் கையாலேயே செதுக்கிய வெண்கருங்கல் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்டது. கருவறையில் 700 இறாத்தல் எடையுள்ள படிகலிங்கம். கட்டடத் தொழிலில் இருப்போர் அத்திவாரத்தைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். இரும்புக் கம்பியே இடாமல், எரிசாம்பல் மிகுதியாகக் கலந்த கொங்கிறீற்றினால் 1999இல் இடப்பட்டது அது. இரும்பு துருப்பிடித்துக் கல்லைப் பிளக்குமென்பதனால் இந்த ஏற்பாடு. வகுத்தவர் பேர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குமார் மேத்தா.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நத்தார்க் காலத்தில் பிள்ளைகள் ஏங்கிப்போகின்றனர் என்பதற்காக, சுப்பிரமுனியர் 1985இல் ‘பஞ்ச கணபதி’ என்றொரு விழாவை வகுத்தார். மார்கழி 21 முதல் 25 வரை ஐந்து நாட்கள். வீட்டு மண்டபத்தில் விநாயகர். நாளுக்கொரு நிறமாக மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, செம்மஞ்சள். முதல் நாள் வீட்டாருக்குள் மனத்தாங்கல் தீர்ப்பதற்கு. பிள்ளைகளுக்குச் சேரும் பரிசுகள் ஐந்தாம் நாளிலே பிரிக்கப்படும். இது எம் முன்னோர் அறியாத விழா. நத்தாரின் நிழல் என்று குறைகூறுவோரும் உளர். எனக்கும் அவ்வாறே தோன்றியதுண்டு. எனினும், தை மாதம் வகுப்பில் “உனக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்கப்படும்போது தலைகுனிந்த எமது மூத்த மகளை நினைத்தால், இதைச் சில ஆண்டுகள் முன்னரே அறிந்திருக்கலாமே என்றிருக்கிறது.

செல்ல விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. நத்தார் வாரத்தில் விமானச் சீட்டின் விலை உச்சத்தில் நிற்கும். திரும்பும்போது விமான நிலையத்தில் விவசாயத் திணைக்களத்தினர் பொதிகளைச் சோதிப்பர். தேங்காயும் அன்னாசியும் கொண்டுவரலாம், வேறு பல கனிகளுக்குத் தடை. துணைவியார் இரண்டு தேங்காய்கள் கொண்டுவந்தார். ஒன்றைப் பிள்ளையாருக்கு உடைத்தோம், மற்றதில் சம்பல்.