வண்டியில் சிம் கார்டு எதற்கு?

திருச்செங்கோட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

உங்கள் லேப்டாப்பைப் போலவே இதிலும் லித்தியம் அயன் பேட்டரிதான். பல செல்களை இணைத்துக் கட்டியது. அவற்றின் வோல்டேஜ், சூடு, கரண்ட் ஆகியவற்றை பி.எம்.எஸ். என்னும் சர்க்யூட் அளக்கிறது. அந்த அளவுகளை சிம் கார்டு மூலம் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறார்கள். ஓசூரில் தயாராகும் ஏத்தர் வண்டிகள் இப்படி இணையத்துடன் இணைந்தவையே.

உங்கள் செல்போனில் '80 சதவீதம்' என்று மட்டும் தெரியும். மற்ற செல்கள் 4.1 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் 3.9-ல் நிற்பதை சர்வரில் கண்டுபிடிக்கலாம். இந்த இடைவெளி நாளுக்கு நாள் கூடினால் அந்த செல் பலவீனமாகிறது என்று பொருள்.

நெட்வொர்க் கிடைக்காவிட்டால்? பயம் வேண்டாம். சூடு எல்லை மீறினால் சார்ஜை நிறுத்துவது சர்வர் அல்ல, வண்டியிலேயே உள்ள பி.எம்.எஸ்.தான். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து தந்தையும் மகளும் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் அதே ஆண்டில் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது.

எச்சரிக்கை வந்தால் உடனே சார்ஜை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். சித்திரை வெயிலில் மலையடிவாரத் தெருக்களைச் சுற்றி வந்த வண்டி ஆறிய பின்னரே சார்ஜ் போடுங்கள். வீட்டின் பழைய வயரிங்கை பி.எம்.எஸ். கவனிக்காது, அதை எலக்ட்ரீஷியனிடம்தான் காட்ட வேண்டும்.