ஏலக்காயும் கொசுவும்

போடி ஏல மையத்தில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனையில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருளுக்கு. ஊட்டித் தைலத்தில் நெடியடிப்பதும் அதேதான். ஆனால் கொசுவை விரட்டுவதில் பெயரெடுத்தது வேறொன்று: இலங்கையின் சிட்ரோனெல்லா புல். அதன் எண்ணெய் அமெரிக்காவில் 1948-லேயே பூச்சிவிரட்டியாகப் பதிவானது.

மூச்சுக்காற்றையும் தோல் வாடையையும் மோப்பம் பிடித்துத்தான் கொசு ஆளைத் தேடி வருகிறது. புல்லெண்ணெயின் ஆவி அந்த மோப்பத்தைக் குழப்பிவிடும். சிக்கல் என்னவென்றால், எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடுகிறது. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சிட்ரோனெல்லா பூச்சுகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை; 23.8 சதவீத டீட் கலந்த ரசாயனப் பூச்சோ 5 மணி நேரம் தாங்கியது.

எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்து எண்ணெயிலிருந்து உருவாகும் பி.எம்.டி. என்ற கொசுவிரட்டி பல மணி நேரம் நிற்கும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஆகாது. (ஊட்டித் தைலம் வேறு மரத்தினுடையது, மாற்றிப் பூசிவிட வேண்டாம்!)

சிலமலைப் பக்கம் சாயங்காலம் நொச்சி இலைப் புகை போடலாம்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் பகலில், ஏலத்தோட்டத்தில் ஆட்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் கடிக்கிறது. கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய மழைத்தண்ணீர் போதும், பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும்.