கல்லில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர்

திம்புள்ளயை அடுத்த டிக்கோயாப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் பொகவந்தலாவை இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள் ஆலயம் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் காலத்தது. அதன் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற பெண்ணின் கல்லறை உண்டு.

1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், 48ஆவது வயதில் புகைப்படக் கருவியைக் கையிலெடுத்து உலகப் புகழ் பெற்றார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த ஆணைக்குழுவில் ஒருவர். மலையகத்தில் கோப்பித் தோட்டங்களை வாங்கியவர். இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த வீட்டுக்கு இக்குடும்பம் 'டிம்போலா' என்று பெயரிட்டது. அது நமது திம்புள்ளயின் பெயர்தான். 1875இல் தம்பதியர் இலங்கைக்கு வந்தனர். 1879 ஜனவரியில் ஜூலியாவும், 1880இல் கணவரும் காலமாயினர். இருவரும் இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

ஜூலியா இங்கு தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம் பிடித்தார். அந்த முகங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் பெரும்பாலானோரின் பெயர்கள் எழுதப்படவில்லை. காடு வெட்டிக் கோப்பி நட்ட எமது முன்னோர் பலருக்கும் கல்லறையில்லை.

பெயர் எழுதப்படாததன் விலையை மலையகம் நன்கறியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரிடம் தலைமுறைச் சான்று கேட்டது. காட்ட ஏதுமின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோருக்கு வழிவிட்டது. 1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பின்னர் யுத்தத்திலும் அகப்பட்டன. ஓடிய ஓட்டத்தில் பிறப்புச் சான்றிதழையும் இழந்த பெண்கள் பலர்.

ஆயினும் சில பெயர்கள் ஏட்டில் இருக்கக்கூடும். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் தோட்டந்தோட்டமாகச் சென்றனர். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஆலயங்கள் ஏட்டில் பதிவது வழக்கம்.

சகோதரிகளே, பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஞானஸ்நானச் சான்றிதழ் அதற்குத் துணைச் சான்றாகும். மற்றச் சமயத்தவருக்குப் பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதியும் சாதகக் குறிப்பும் உதவும். முதலில் தாய், பாட்டி பெயர்களையும், தோட்டம், டிவிஷன், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளுடன் ஆலயத்துக்கோ பாடசாலைக்கோ சென்று விசாரியுங்கள். பின்னர் பிரதேச செயலகத்தில் பதிவாளரைச் சந்தியுங்கள். பாட்டியின் பெயரை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.