விரலில் வெட்டுப்பட்டால் மண்ணை அப்பாதீர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஆண்டு முழுவதும் விளைகிறது. ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். கத்தரி நழுவி விரலில் வெட்டுப்படுவதும், பந்தல் கம்பி குத்துவதும், வாழைத்தார் இறக்கும்போது அரிவாள் கீறுவதும் இங்கே சகஜம். ‘சின்னக் காயம்தானே’ என்று கொஞ்சம் மண்ணை அப்பிவிட்டு வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. காயத்தைவிட அந்த மண்ணில்தான் ஆபத்து அதிகம்.

மண் ஏன் கூடாது?

ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். காயத்துக்குள் போனால், காற்றுப் படாத ஆழத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகி, உடல் விறைக்கும். அதற்குள் காயம் ஆறிப்போயும் இருக்கலாம். நோய் வந்தபின் உயிரைக் காப்பது கடினம். வராமல் தடுப்பது எளிது.

சாணம், டீசல், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு சதையைப் புண்ணாக்கும். சமையல் மஞ்சள்தூளும் கிருமி நீக்கியது அல்ல.

செய்ய வேண்டியவை

1. மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். விரல் வீங்கினால் கழலாது.

2. சுத்தமான துணியால் காயத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். இடையில் துணியை எடுத்துப் பார்க்காதீர்கள்.

3. ரத்தம் நின்றதும் குடிதண்ணீரை ஊற்றி 5 நிமிடம் கழுவுங்கள். சுற்றிலும் சோப்புப் போடுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்.

4. ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு பிளாஸ்டரோ சுத்தமான துணியோ கட்டுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள்.

5. தினமும் கட்டை மாற்றுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

காயம் ஆறும்வரை பூச்சிமருந்து கலக்குவதையும் தெளிப்பதையும் வேறொருவரிடம் விடுங்கள். வெட்டுப்பட்ட தோல் வழியாக மருந்து எளிதில் உடம்பில் ஏறும்.

ஊசி அவசியம்

அழுக்கான அல்லது ஆழமான காயம் என்றால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தாலும், எப்போது போட்டோம் என்று நினைவில்லாவிட்டாலும் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. இதுவரை ஊசியே போடாதவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூடுதல் ஊசி தேவைப்படலாம்.

கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையில் ஒரு சோப்புத் துண்டு, சுத்தமான துணி, நாலு பிளாஸ்டர் வைத்திருங்கள். காயம் பட்டால் ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள். மலை இறங்கியதும் ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

நகச்சுத்தி வந்தால்

நகத்தோரம் வீங்கித் தெறித்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகுவது நம் பழக்கம். அதைவிட, பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் ஒருநாளைக்கு 3, 4 முறை 15 நிமிடம் விரலை வைப்பது நல்லது. சீழ் கட்டினால் முள்ளாலோ ஊக்காலோ குத்தாதீர்கள். டாக்டர்தான் கீறி எடுக்க வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரி?

15 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்திருந்தால், விரலை மடக்க முடியாவிட்டால், நுனியில் உணர்ச்சி இல்லாவிட்டால், சிவப்பு மேலே பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் தாமதிக்காமல் போங்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. ரத்தம் பீறிட்டால் அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள்.

ஊசிக்குப் போனால் அரைநாள் கூலி போகலாம். புரையோடிய விரலோடு கத்தரி பிடிக்க முடியாமல் உட்கார்ந்தால் கவாத்துப் பருவமே போய்விடும்.