வீடு திரும்பச் சுற்றுவழி

மணந்த துணையோடு சொந்த ஊரிலே வாழ, முதலில் அயல்நாட்டிற் குடியேற வேண்டுமென்றால் வாசகர்கள் நகைப்பீர்கள். டென்மார்க்கிலே அதுதான் பலரின் கதை. அந்நாட்டவர் ஐரோப்பாவுக்கு வெளியே மணஞ்செய்து துணையை அழைத்துவருவதாயின், இருவரும் 24 வயது நிரம்பியவராதல் வேண்டுமென 2002இல் சட்டமியற்றினர். கோப்பன்ஹேகனிற் பணிபுரியும் ஜேர்மானியருக்கோ அத்தடை இல்லை. ஐரோப்பியச் சட்டம் அவரைக் காக்கிறது. விருந்தினனுக்குள்ள உரிமை வீட்டுப்பிள்ளைக்கு இல்லை!

ஆகவே இளந்தம்பதியர் பலர் பாலங்கடந்து சுவீடனின் மால்மோ நகரிற் குடியமர்ந்தனர். அங்கே அவர்களும் விருந்தினரே. மீளும்போது அவ்வுரிமை உடன்வரும் என்பதற்குச் சுரிந்தர் சிங் என்னும் இந்தியரின் வழக்கே ஆதாரம். பிரித்தானிய மனைவியுடன் ஜேர்மனியில் உழைத்துத் திரும்பியவர் அவர். அவ்வாறு மீள்பவரின் துணைக்கும் நுழைவுரிமை உண்டென 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. (அதற்குள் அம்மணவாழ்வு முறிந்துவிட்டமை வேறு கதை.)

இதனைச் சூழ்ச்சியென்பாரும் உளர்; நாம் அவ்வாறு கருதோம். வார இறுதியிலே தங்கிவருவது போதாது, மூன்று மாதங்களுக்கு மேல் அங்கே மெய்யாகவே இல்லறம் நடத்தியிருத்தல் வேண்டுமென 2014இல் அந்நீதிமன்றமே வரையறுத்தது. சம்பளச் சீட்டும் வாடகைச் சீட்டும் பத்திரம்!

பிரித்தானியா 2020இல் ஒன்றியத்தை விட்டகன்றது. சுரிந்தர் சிங் திறந்த வழி, அந்நாட்டிலிருந்து இனிப் புறப்படுவோர்க்கு இல்லை.