தீப்புண் சிகிச்சையில் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு: பயனும் பாதுகாப்பு வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

தீப்புண்ணில் நுண்ணுயிர்த் தொற்றைத் தடுப்பதற்கென 1968ஆம் ஆண்டு அறிமுகமான மேற்பூச்சு மருந்து சில்வர் சல்ஃபாடயசின். தொற்றைத் தடுக்கும் இக்களிம்பைப் புண்ணை ஆற்றும் மருந்தாகக் கருதும் எண்ணம் மக்களிடையே நிலவுகிறது. இவ்விரு பணிகளையும் வேறுபடுத்திக் காட்டி, களிம்பை எந்நிலையில் இடலாம், எவ்வாறு இடவேண்டும், யார் தவிர்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தீப்புண், நுண்ணுயிர்க்கொல்லி, சில்வர் சல்ஃபாடயசின், முதலுதவி, ஒவ்வாமை.

முன்னுரை

நுண்ணுயிர்களிடமிருந்து உடலைக் காக்கும் முதல் அரண் தோலாகும். தீயாலோ கொதிநீராலோ சூடான எண்ணெயாலோ அவ்வரண் சிதையும்போது, இறந்த திசுக்களும் புண்ணிலிருந்து கசியும் நீரும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்ற களமாகின்றன. ஆழமாக வெந்த பகுதியில் குருதியோட்டம் குன்றிவிடுவதால், வாய்வழியாகவோ ஊசிவழியாகவோ செலுத்தப்படும் மருந்து அங்குப் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. எனவே புண்ணின் மீதே மருந்தை இடும் முறை தீப்புண் மருத்துவத்தில் முதன்மை பெற்றது.

களிம்பின் தோற்றமும் செயற்பாடும்

1960களில் தீப்புண் நோயாளிகளின் உயிருக்குப் பெரும் அச்சுறுத்தலாக இருந்தவற்றுள் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிரால் விளையும் தொற்றும் ஒன்று. அதனைத் தடுக்க 0.5 விழுக்காட்டுச் சில்வர் நைட்ரேட் கரைசலும் மாஃபெனைடு களிம்பும் கையாளப்பட்டன. முன்னது உடலின் சோடியம், குளோரைடு உப்புகளைப் புண்வழியே வெளியேற்றியது. கட்டுத்துணியை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருக்கவும் நேர்ந்தது. பின்னது இட்டவுடன் கடும் வலியைத் தந்ததோடு, குருதியின் அமிலத்தன்மையையும் மிகுவித்தது. இந்நிலையில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெள்ளியையும் சல்ஃபாடயசின் என்னும் சல்ஃபா மருந்தையும் இணைத்து உருவாக்கிய சேர்மத்தை 1968இல் அறிமுகப்படுத்தினார். இன்று 1 விழுக்காட்டுச் செறிவுடைய களிம்பாக அது வழங்குகிறது.

புண்ணின் ஈரத்தில் இச்சேர்மத்திலிருந்து வெள்ளி அயனிகள் சிறிது சிறிதாக விடுபட்டு, நுண்ணுயிரின் செல்சுவரையும் செல்படலத்தையும் தாக்குகின்றன. களிம்பின் பணி இவ்வளவே. புதிய தோலை வளர்க்கும் ஆற்றல் இதற்கு இல்லை.

முதலுதவியும் களிம்பும்

தீக்காயம் நேர்ந்தவுடன் செய்யவேண்டியது, அவ்விடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 20 நிமிடம் வைத்திருப்பதாகும். காயம்பட்ட 3 மணி நேரத்திற்குள் இவ்வாறு செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி திசுக்களை மேலும் சிதைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். குளிர்வித்த பின் காயத்தைத் தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்லலாம்.

இக்கட்டத்தில் களிம்பு இடுதல் பொருந்தாது. புண்ணின் நிறம், ஈரம், அழுத்தும்போது வெளிறிச் சிவக்கும் தன்மை ஆகியவற்றைக் கொண்டே அதன் ஆழத்தை மருத்துவர் கணிக்கிறார். வெண்ணிறக் களிம்பு இவ்வடையாளங்களை மறைத்துவிடும். அதனைத் துடைத்தெடுக்கும்போது நோயாளி வீணான வலிக்கு ஆளாகிறார். பற்பசை, மை, மஞ்சள் போன்றவற்றைப் பூசுவதிலும் இதே இடர் உண்டு. அவற்றால் புண் மாசுபடவும் கூடும்.

விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு, அவரவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகும். அதனினும் பரந்த கொப்புளப் புண், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட புண், மின்சாரத்தாலோ வேதிப்பொருளாலோ நேர்ந்த புண் ஆகியன மருத்துவமனையில் காட்டப்பட வேண்டியவை. வலி இல்லாமையை நற்குறியாகக் கொள்ளலாகாது. நரம்பு முனைகள் எரிந்துபோன ஆழ்ந்த புண்ணிலும் வலி தோன்றாது.

இடும் முறை

மருத்துவர் பரிந்துரைத்த பின், கைகளைக் கழுவிக் கையுறை அணிந்து, புண்ணில் எஞ்சியுள்ள பழைய களிம்பை நீரால் மென்மையாக அகற்ற வேண்டும். பின்னர்ச் சுமார் 1.5 மில்லிமீட்டர் கனத்தில் சீராகப் பரப்பி, தூய வலைத்துணியால் மூடலாம். நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை இவ்வாறு செய்வது வழக்கம். பழைய களிம்பை அகற்றாமல் மேலும் மேலும் பூசுவதால் பயன் கூடுவதில்லை. களிம்பும் புண்நீரும் கலந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் படலம் உருவாவது இயல்பு. இப்போலிப் பொருக்கைச் சீழ் எனவும் சீழைப் போலிப் பொருக்கு எனவும் பிழையாகக் கொள்ள வாய்ப்புள்ளது. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், வலி மிகுதல், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியன தொற்றின் அறிகுறிகள். இவை தோன்றின் மருத்துவரை நாடவேண்டும்.

தவிர்க்க வேண்டியோர்

சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உடையோர் இதனைப் பயன்படுத்தலாகாது. குறைமாதக் குழந்தைகளுக்கும் 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பேறுகாலம் நெருங்கிய கருவுற்றோருக்கும் இது விலக்கப்பட்டுள்ளது. குருதியிலுள்ள ஆல்புமின் புரதத்தோடு பிணைந்திருக்கும் பிலிருபினைச் சல்ஃபா மருந்து விடுவிக்கிறது. விடுபட்ட பிலிருபின் பச்சிளங் குழந்தையின் மூளையில் படிந்து நிலையான ஊறு விளைவிக்கக்கூடும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோருக்குச் சிவப்பணுக்கள் சிதையும் இடர் உண்டு.

பரந்த புண்ணில் இடும்போது மருந்து கணிசமாகக் குருதியில் கலக்கும் என்பதால், அந்நோயாளியின் வெள்ளணு எண்ணிக்கையும் சிறுநீரக இயக்கமும் கண்காணிக்கப்படுகின்றன. தொடக்க நாட்களில் வெள்ளணுக்கள் குறைந்து பின்னர் மீள்வது அறியப்பட்ட விளைவாகும். வெள்ளி தோலில் படிந்து நிறத்தை மாற்றக்கூடும் என்பதால் முகத்தில் இதனை இடுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

ஆறுதலும் நிறுத்தமும்

வெள்ளி அயனி நுண்ணுயிரை மட்டும் தாக்குவதில்லை. புதிய தோலை உருவாக்கும் செல்களுக்கும் அது நஞ்சாவதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தீப்புண் கட்டுமுறைகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான காக்ரேன் முறைசார் மதிப்பாய்வும், சிலிக்கோன் பூசிய கட்டு, வெள்ளி கலந்த கட்டு முதலியவற்றோடு ஒப்பிடுகையில் இக்களிம்பு இட்ட புண்கள் ஆறுவதில் பின்தங்கியதாகக் குறிப்பிடுகிறது. ஆதலால் தொற்றின் இடர் குறைந்து, புதுத்தோல் படரத் தொடங்கியதும் மருத்துவர் வேறு கட்டுமுறைக்கு மாற்றுவது பொருத்தமாகும்.

பிற காயங்களிலும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு எப்போதும் தேவைப்படுவதில்லை. சிறு அறுவைச் சிகிச்சை பெற்ற 922 பேரிடம் நிகழ்த்தப்பெற்று 1996இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பாசிட்ராசின் களிம்பு இட்டோருக்கும் வெறும் பெட்ரோலிய மெழுகு இட்டோருக்கும் இடையே தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒவ்வாமைத் தோலழற்சி களிம்பு இட்டோரிடம் மட்டுமே தோன்றியது.

முடிவுரை

சில்வர் சல்ஃபாடயசின் தொற்றைத் தடுக்கும் கருவியே அன்றிப் புண்ணாற்றும் மருந்தன்று. முதலில் நீர், அடுத்து மருத்துவரின் மதிப்பீடு, தேவைப்படின் களிம்பு, புதுத்தோல் படர்ந்ததும் நிறுத்தம் என்னும் வரிசை அதன் பாதுகாப்பான பயன்பாட்டை உறுதிசெய்கிறது. ஒருவருக்குப் பரிந்துரைக்கப்பட்டு எஞ்சிய களிம்பை அதே வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கோ கருவுற்ற பெண்ணுக்கோ இடுவதன் விளைவு பெருந்தீங்காக முடியலாம். ஆகவே இம்மருந்தைப் பற்றிய விளக்கம் நோயாளிக்கு மட்டுமின்றி, அதனைக் கையாளும் குடும்பத்தினருக்கும் அவர்தம் மொழியில் சென்று சேர்தல் இன்றியமையாதது.