புல் வெட்டுகிறவர் எப்போது விமானம் விடுவார்?

போன மே மாதம் இரண்டு வாரம் எங்கள் மாதிரி விமான கிளப்பின் ஓடுபாதையில் யாரும் புல் வெட்டவில்லை. இங்கிலாந்தின் மே மாதப் புல்லைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மழையும் வெயிலும் மாறி மாறி வர, கணுக்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. மூன்றாம் ஞாயிறு ஒரு நண்பரின் விமானம் தரை தொட்டதும் சக்கரம் புல்லில் சிக்கி மூக்குக் குத்தியது. குளிர்காலம் முழுக்க பால்சா மரத்தை அறுத்து ஒட்டிக் கட்டிய விமானம் அது. புரொப்பெல்லர் முறிந்து, முன்பக்கச் சட்டம் விரிந்துபோனது. ஏன் யாரும் வெட்டவில்லை என்று கோபத்தோடு கேட்டார். வெட்டுகிறவர் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். பதினைந்து வருடமாக அவர் ஒருவர்தான் வெட்டுகிறார் என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

லெஸ்டர் நகருக்கு வெளியே, ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து நடக்கிறது எங்கள் கிளப். மொத்தம் நாற்பது பேர். வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை கடைக்கும் துவைப்பதற்கும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும் போய்விடும். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமையில் நாலு மணி நேரம். அதிலும் பாதி நாள் காற்றும் மழையும் விடாது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படிக் கிடைத்த நேரத்தில் விமானத்தை ஏற்றாமல் புல்வெட்டியில் ஏறி உட்கார யாருக்கு மனசு வரும்? பொருளாளர் பொறுப்பை இரண்டு வருடம் நானும் மறுத்தேன். இப்போது அதை நினைத்து வருந்துகிறேன்.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை. 35 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ காலத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறக்கிற விமானம் விழுந்துவிடும். அதனால் களத்தில் ஒரு பலகை இருக்கும். எண் போட்ட கிளிப்பை எடுத்தவர்தான் அந்த அலைவரிசையில் விடலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கிளப் வேலைகள் நடந்தன. ஒருவர் வேலியைச் சரிசெய்வார், இன்னொருவர் புதிதாக வந்த பையனுக்கு எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காட்டிக்கொடுப்பார். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் கிளிப்புக்கு வேலையில்லை. ஃபோம் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, இறக்கையைப் பொருத்தி, பேட்டரியை மாட்டினால் போதும். அரை மணி நேரம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பொழுது குறைந்தவர்களுக்கு இது வரம்தான், எனக்கும் அப்படித்தான். ஆனால் மிச்சமான அந்த நேரத்தில் ஒரு மணிகூட களத்துக்குத் திரும்பி வரவில்லை.

வேலையோ கூடியிருக்கிறது. 2019 முதல் பதிவு எண் கட்டாயம். ஜனவரியில் சந்தா வாங்கும்போது ஒவ்வொருவருடைய பதிவையும் காப்பீட்டையும் யாராவது சரிபார்க்க வேண்டும். எஞ்சின் சத்தம் ஏழு மீட்டரில் 82 டெசிபெலைத் தாண்டுகிறதா என்று அளக்க வேண்டும். அண்டை வீட்டார் புகார் செய்தால் போய்ப் பேச வேண்டும். கற்றுக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் அதிக நேரம் வாங்குவது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, கற்பவர் தடுமாறும் கணத்தில் பயிற்சியாளர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். கண்ணை வானத்திலிருந்து எடுக்க முடியாது. எட்டுப் போடுவதும் எஞ்சின் நின்றபின் பத்திரமாக இறக்குவதும் ஒருவருக்குக் கைவர ஒரு கோடைகாலமே போய்விடும். அத்தனை ஞாயிறும் பயிற்சியாளரின் விமானம் காரிலேயே கிடக்கும்.

சந்தாவைக் கூட்டி, கூலிக்கு ஆள் வைத்துப் புல் வெட்டலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை முப்பது வாரம். வாரத்துக்கு இரண்டு பேர் என்றால் அறுபது முறை. நாற்பது பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை முறைதான் வரும். ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். மே மாதத்தில் கூடுதலாக வெட்டினாலும் ஒருவருக்கு வருடத்தில் ஐந்து மணி நேரம் தாண்டாது. இதைக்கூடத் தர முடியாத அளவுக்கு நம் பொழுது சுருங்கிவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன்.

புல்லையாவது வெட்டிவிடலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. அந்த நிலத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினரான பெரியவரும் அந்த விவசாயியும் பண்ணை வீட்டு வாசலில் நின்று பேசி, கை கொடுத்துக்கொண்டதுதான். ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் எந்தக் கேட்டை மூட வேண்டும் என்பது பெரியவருக்குத்தான் தெரியும். பக்கத்து வயலில் ரேப்சீட் மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது உள்ளே விழுந்த விமானத்தை, பயிரை மிதிக்காமல், டிராக்டர் தடத்திலேயே நடந்து போய் எடுக்கச் சொல்லித் தருகிறவரும் அவர்தான். விவசாயியின் மகனுக்கு எங்களில் வேறு யாரையும் தெரியாது. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் வராமல் போகிற வருடத்தில் அந்தக் கதவைத் தட்டப்போவது யார்?

ஆண்டுக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். ஜூன் இரண்டாம் ஞாயிறு காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மூக்குக் குத்திய விமானத்தின் சொந்தக்காரரும் கூட வருகிறார்.